மைக்கில் சொல்லாத பெயர்

என் வீட்டுக்காரருக்கு ஒரு பாடகியைப் பிடித்துப்போய்விட்டது. காலையில் பசியாற உட்கார்ந்தால் போதும், கைப்பேசியைச் சட்னிக் கிண்ணத்தில் சாய்த்து வைத்து அந்தப் பாட்டைப் போட்டுவிடுவார். தோசை ஆறிப்போகும். "என்னமா பாடியிருக்கு பாரு அந்தப் பொம்பள! இப்ப யாரு இப்படிப் பாடுறா?" என்று என்னையே கேட்பார். நான் கல்லில் கிடக்கும் தோசையைத் திருப்பிப் போடுவேன். வேறென்ன செய்ய? அந்தப் பொம்பளையே நான்தான்.

அது எங்கள் ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாக் கச்சேரி. நடந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டு, செம்பனையையும் வெட்டி வீடு கட்டி, அந்தத் தோட்டமே இன்று இல்லை. மைக் செட் போட்டவர் அந்தக் காலத்தில் கச்சேரியைக் கேசட்டில் பிடித்து வைத்திருக்கிறார். அவர் போன பிறகு, அலமாரியை ஒழித்த பிள்ளைகள் அந்தக் கேசட்டுகளை மலாக்கா பாச்சாங்கில் இருக்கும் ஒரு தம்பியிடம் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தம்பிக்கு இதுதான் பைத்தியம். ஆயர் குரோவில் ஏதோ தொழிற்சாலையில் வேலை. மிச்ச நேரமெல்லாம் பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றி, இரைச்சலை எடுத்து, தெளிவாக்கி முகநூலில் போடுவது. காசு எதுவும் வாங்குவதில்லை. அங்கிருந்து எங்கள் குடும்பத்து வாட்சப் குழுவுக்கு வந்து, அங்கிருந்து எங்கள் சாப்பாட்டு மேசைக்கும் வந்துவிட்டது.

பாட்டுக்குக் கீழே இசைக்குழுவின் பெயர், தோட்டத்தின் பெயர், கித்தார் யார், டிரம் யார், எல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தார். 'பாடியவர்' என்ற இடத்தில் எங்கள் குழுத் தலைவருடைய மனைவியின் பெயர் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. அந்த அண்ணி தன் வாழ்நாளில் மைக்கில் ஒரு வரி பாடியதில்லை!

ஏன் இப்படி ஆனது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிதான் குழுத் தலைவர். நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுவோம். கோயில் பஜனையில் நான் பாடியதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கே வந்து, குழுவில் பாட என்னை அனுப்பச் சொல்லி அப்பாவிடம் கேட்டார். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்து அப்போதுதான் குளித்திருந்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு யோசித்தார்.

"பாடட்டும் கிராணி. ஆனா எம் பொண்ணு பேரு மைக்குல வரக்கூடாது. நோட்டீஸ்ல வரக்கூடாது. நாளைக்கு ஒருத்தன் கட்டிக்க வரணும்ல?"

இதில் அப்பாவை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? எல்லாத் தோட்டத்திலும் அப்படித்தான். ஆம்பளை பாடினால் கலைஞர். பொண்ணு பாடினால் ஆட்டக்காரி. ஒரு குழுவுக்குப் பாட ஒரு பொண்ணு கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்தவளுக்கும் இத்தனை கட்டு. கல்யாணம் ஆன பெண் ஒருத்தி மேடையில் கூட இருக்க வேண்டும் என்பது அப்பாவின் அடுத்த நிபந்தனை. அதனால் அண்ணி பட்டுச்சேலை கட்டி முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, மணல் போட்ட உருண்டை ஒன்றைத் தாளத்துக்கு ஆட்டிக்கொண்டிருப்பார். நான் பின்னால் டிரம்முக்குப் பக்கத்தில், விளக்கு சரியாக விழாத இடத்தில் நின்று பாடுவேன். அறிவிப்பாளர் மற்றவர்களையெல்லாம் வேந்தர், மன்னர், சக்கரவர்த்தி என்று பட்டம் கட்டிக் கூப்பிடுவார். என் முறை வந்தால் "அடுத்து, நமது குழுவின் பாடகி" என்பார். அவ்வளவுதான். எங்கள் தோட்டத்தில் எல்லாருக்கும் என்னைத் தெரியும். வெளித் தோட்டத்தில் கேட்டவர்களுக்கு, முன்னால் பட்டுச்சேலையில் இருந்தவர்தான் பாடகி.

பிறகு ஜாசின் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாமியார் ஆகப்போகிறவர் வந்ததும் முதலில் கேட்டதே, "பொண்ணு மேடையில பாடுதாமே?" என்றுதான். அப்பா கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "எம் பொண்ணா? அதுக்குச் சாமி பாட்டே ஒழுங்கா வராதுங்க" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அத்தோடு என் பாட்டு முடிந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் அப்பா என்னைக் கூப்பிட்டு, அங்கே போய் முணுமுணுக்கக்கூட வேண்டாம் என்றார். சரி என்றேன்.

என் வீட்டுக்காரரிடம் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். மாமியார் இருந்தவரை சொல்ல முடியவில்லை. அந்த அம்மாவுக்கு வாய் அப்படி. அவர் போன பிறகு சொல்லியிருக்கலாம். அதற்குள் பிள்ளைகள் வளர்ந்து, நாங்கள் மலாக்கா டவுனுக்கு வந்து, கடை வைத்து, கடன் அடைத்து, இத்தனை நாள் கழித்து இதைப்போய் எப்படி ஆரம்பிப்பது என்று வெட்கமாகிவிட்டது. சமையல்கட்டில் பாட்டு வாய் வரைக்கும் வரும். விழுங்கிவிடுவேன். "உனக்கு ரசனையே கிடையாது, ஒரு பாட்டாவது முணுமுணுத்து நான் பாத்ததில்ல" என்று இவர் கேலி செய்வார். அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

ஆனால் இன்னொருத்தி பெயரைப் போட்டு, அதை என் வீட்டு மேசையிலேயே வைத்து என் புருஷனே ரசித்தால்? எத்தனை நாளைக்குப் பொறுப்பது? ஒரு சனிக்கிழமை, மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று இவரிடம் சொல்லிவிட்டு டாக்சி பிடித்துப் பாச்சாங்குக்குப் போனேன்.

அந்தத் தம்பியின் வீட்டு மாடி அறை முழுக்கக் கேசட். மேசையில் ஒரு கேசட்டைப் பிரித்துப் போட்டு, நாடாவை வேறு ஒரு புதுக் கூட்டுக்குள் மாற்றிக்கொண்டிருந்தார். பழைய கூட்டில் நாடாவை அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சு உதிர்ந்துபோய்விடுமாம், அப்படியே ஓட்டினால் குரல் மங்கிக் கேட்குமாம். நல்ல பிள்ளை, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எனக்கு உட்காரப் பொறுமை இல்லை.

"யாரைக் கேட்டுத் தம்பி அந்தப் பேரு போட்டீங்க? அந்தப் பாட்டு நான் பாடுனது. கண்ட பேரையும் போட்டு ஊரெல்லாம் அனுப்பிட்டு, இங்க உக்காந்து பஞ்சு ஒட்டுறீங்களா?"

"ஆன்டி, கோவிச்சுக்காதீங்க லா. நான் சும்மா போடல. போட்டோவுல அவங்கதான் முன்னுக்கு இருந்தாங்க. அப்பவும் நான் நம்பல. ஆயர் குரோவுல அவங்க மகன் வீட்டுக்கே போய்க் கேட்டேன். 'ஆமாப்பா, நான்தான்'னு அவங்களே சொன்னாங்க."

போட்டோவைப் பார்த்து ஏமாந்தால் அது வேறு. அண்ணி தன் வாயாலேயே சொல்லியிருக்கிறார்!

"சரி, கேளுங்க" என்று அங்கேயே நின்று பாட ஆரம்பித்தேன். என்ன நினைப்பில் ஆரம்பித்தேனோ. நாற்பது வருடமாகப் பூட்டி வைத்த தொண்டை. முதல் வரியிலேயே கீறல் விழுந்தது, இரண்டாவது வரியில் இருமல் வந்தது. தம்பி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லை" என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் பாவப்பட்டுப் பேசாமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. "பாட்டுக்கு நடுவுல பேச்சு இருக்குமே, அது எங்க?"

"அதெல்லாம் வெட்டிருவேன் ஆன்டி. அறிவிப்பு, வெடி, பிள்ளைங்க அழுகை... யாரு கேப்பா? பாட்டு மட்டும்தான் போடுவேன்."

"வெட்டுனதைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"இல்ல இல்ல. கேசட்ல இருந்து எடுத்தது அப்படியே இருக்கு. அதுல கை வைக்க மாட்டேன்."

அந்த வெட்டாத பதிவைப் போடச் சொன்னேன். அப்பப்பா, எத்தனை இரைச்சல்! ஜெனரேட்டர் உறுமுகிறது. யாரோ கோயில் வாசலில் கழற்றி வைத்துக் காணாமல்போன சப்பாத்தைப் பற்றி மைக்கில் அறிவிக்கிறார்கள். பாட்டு முடிந்து கைதட்டல் அடங்குகிறது. அப்புறம் ஒரு பொண்ணு சத்தம், மைக் மூடவில்லை என்று தெரியாமல், டிரம் அடிப்பவனைப் பார்த்து:

"டேய், லோரி பிடிக்கவாடா இந்த ஓட்டம் ஓடுற? நான் மூச்சு விடவேணாமா? இன்னொரு வாட்டி இப்படி அடிச்சே, எறங்கி வீட்டுக்குப் போயிருவேன். நீயே பாடிக்கோ!"

உடனே பக்கத்தில் இன்னொரு குரல், மெதுவாக: "கத்தாதடி தங்கச்சி, மைக்கு ஆன்ல இருக்கு."

கூட்டம் கொல்லென்று சிரிக்கிறது.

தம்பி பதிவை நிறுத்தினார். என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார், சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஆன்டி, இப்ப வந்ததும் என்கிட்ட கத்துனீங்களே, அதே சத்தம்! ரெண்டாவதா பேசுறது அவங்கதான். அவங்க வீட்டுல எங்கிட்ட இப்படித்தான் மெதுவா பேசுனாங்க." பிறகு எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார். "பேரு சொல்லுங்க ஆன்டி. இன்னிக்கே மாத்திர்றேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பாட்டை நம்பாதவர் என் வாய்க்கொழுப்பை நம்பினாரே! பெயரைச் சொல்ல வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன். முதலில் அண்ணியைப் பார்த்து நாலு கேள்வி கேட்க வேண்டும். "பொறுங்க தம்பி, நானே அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் ஆயர் குரோவுக்குப் போனேன். கேட்க வேண்டியதையெல்லாம் வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அண்ணன் காலமாகிப் பல வருடம். அண்ணி முட்டி வீங்கி, காலை நீட்டிக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. மருமகள் தே கலக்கிக் கொண்டுவந்து வைத்து, "அத்தை பாடுனதைக் கேட்டீங்களா ஆன்டி? எங்களுக்கே தெரியாது. எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் அனுப்பிட்டேன்" என்றாள். அவ்வளவு சந்தோஷம் அந்தப் பெண்ணுக்கு. அண்ணி அவளைப் பார்த்து, "கொஞ்சம் துணியைப் போய் எடு ஆயி, மழை வர்ற மாதிரி இருக்கு" என்று அனுப்பிவிட்டார்.

"ஏன் அண்ணி?" என்றேன். தயார் செய்து வந்ததெல்லாம் மறந்து, அது ஒன்றுதான் வந்தது.

"நீ பாடுனதுதான். எனக்குத் தெரியாதா? உன்னைப் பொண்ணு பாக்க வந்தாங்களே, அன்னிக்கு உங்கப்பா எங்க வீட்டுக்கு வந்தாரு. பின்பக்கமா வந்து நின்னாரு. 'அவங்க விசாரிக்க வருவாங்க. நீங்கதான் பாடுனதா சொல்லிருங்கம்மா, எம் பொண்ணு வாழ்க்கை உங்க கையில இருக்கு'ன்னு கும்பிட்டாரு. வயசுல பெரியவரு, நான் என்ன செய்ய? உன் மாமியா ரெண்டு பொம்பளைங்களோட வந்துச்சு. நான்தான் பாடுறேன்னு அம்மன் கோயில்ல வெச்சுச் சொன்னேன்."

"அப்பா எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"உங்கிட்ட எதுக்குச் சொல்லணும்? நீ கட்டிக்கிட்டுப் போறவ. உன் மாமியா போற வழியெல்லாம் அதைச் சொல்லிட்டுப் போயிருச்சு. 'கிராணி பொண்டாட்டி மேடையேறிப் பாடுறாளாம்'னு. எங்க மாமியா காதுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? சாகற வரைக்கும் என்னை ஆட்டக்காரின்னுதான் கூப்பிட்டாங்க. கோயில்ல பூத்தட்டு தூக்க விடல. எம் மகளுக்கு வந்த ஒரு சம்பந்தம் அதாலேயே போச்சு. நீ ஒரு நாள் வந்து பாத்தியா? கல்யாணம் ஆகிப் போனவ, திரும்பிப் பாக்கல."

நான் தே கோப்பையைக் கையில் எடுத்தேன்.

"ஏச்செல்லாம் நான் வாங்குனேன். இப்பத்தான், அந்தப் பாச்சாங் பையன் வந்து, 'நீங்களாம்மா பாடுனீங்க, எவ்வளவு நல்லாப் பாடியிருக்கீங்க'ன்னு கேட்டான். மருமக பக்கத்துல நிக்கிறா. ஆமான்னு சொல்லிட்டேன். நல்ல வார்த்தை ஒன்னாவது எனக்கு வரக்கூடாதா?" அண்ணி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உன் பேரைப் போட்டுக்க. நான் குறுக்க நிக்கல. ஆனா எம் மருமக கேட்டா, அவளுக்கு நீயே பதில் சொல்லு."

திட்டுவதற்கு ஆள் தேடிப் போனவள் நான். அங்கே போய்ப் பார்த்தால் திட்ட வேண்டிய ஆள் என் அப்பா, அவர் செத்துப்போயிருந்தார். தேயைக் குடித்து முடித்தேன். மருமகள் துணிக் கூடையோடு வந்து, சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்றாள். இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

டாக்சியில் வரும்போது ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. முகநூலில் யார் பெயர் இருந்தால் எனக்கென்ன? அங்கே பாட்டைக் கேட்கிறவர்கள் யார் யாரோ. என் பாட்டுக்காகத் தோசையை ஆறவிடுகிற மனுஷன் ஒருவர் என் வீட்டில் இருக்கிறார். அவருக்குத் தெரிய வேண்டும். "நீயா பாடுன?" என்று அவர் வாயால் ஒரு தடவை கேட்க வேண்டும். அதற்குப் பிறகு பெயர் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. டாக்சிக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துத் தலையை ஒதுக்கிக்கொண்டேன். இந்த வயதில் கல்யாணப் பொண்ணு மாதிரி இதென்ன கூத்து என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

வீட்டுக்குள் நுழையும்போது பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. இவர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, கைப்பிடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். சரணம் வந்தது. எனக்கு இன்றைக்கும் பிடித்த இடம், மூச்சு விடாமல் மேலே போய் நிற்க வேண்டும். "ஆஹா!" என்றார்.

"அது நான்தான்" என்றேன்.

"என்னது?"

"பாடுனது நான். அந்தக் குழுவுல நான்தான் பாடினேன். கிராணி பொண்டாட்டி இல்ல."

சிரித்தார். "போடி! உனக்குச் சாமி பாட்டே ஒழுங்கா வராதுன்னு உங்கப்பாவே..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். கைப்பேசியை எடுத்துப் பாட்டை நிறுத்தினார். நான் காத்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ வருடம் காத்திருந்தாயிற்று, இன்னும் கொஞ்ச நேரம்தானே.

"அப்ப உங்கப்பா எங்ககிட்ட பொய் சொன்னாரா?"

"சொன்னாரு."

"அந்தக் கிராணி பொண்டாட்டியும்?"

"அப்பா கேட்டுக்கிட்டாரு, சொன்னாங்க."

"எங்கம்மா அப்பவே சொன்னாங்க, அந்தக் குடும்பத்துல ஏதோ மறைக்கிறாங்கன்னு." இவர் எழுந்து மின்விசிறியை ஏனோ நிறுத்தினார், மறுபடி போட்டார். "எல்லாரும் சேந்து எங்களை முட்டாளாக்கியிருக்கீங்க. இத்தனை வருஷம் நீயும் வாயைத் தொறக்கலியே."

"நல்லாப் பாடியிருக்கேனான்னு கேக்கவே இல்லையே நீங்க" என்றேன். என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது.

"அதா இப்ப முக்கியம்?" என்றார். பிறகு வாசலுக்குப் போய் நின்று தன் அக்காவுக்குப் போன் போட்டார். "அக்கா, ஒரு விசயம் தெரியுமா?" என்று ஆரம்பித்தது சமையல்கட்டு வரைக்கும் கேட்டது.

எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே நின்று பாச்சாங் தம்பிக்கு என் பெயரை அனுப்பினேன், அப்பா பெயரை முன்னால் சேர்க்காமல், என் பெயரை மட்டும். அண்ணியின் பெயரை எடுக்க வேண்டாம், குழுவில் உடன் இருந்தவர் என்று போடுங்கள் என்றும் எழுதினேன். அண்ணியின் மருமகள் இன்றுவரை என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

இப்போது பாட்டுக்குக் கீழே என் பெயர் இருக்கிறது. முன்பின் தெரியாதவர்களெல்லாம் வாழ்த்து எழுதுகிறார்கள். ஒருவர், எங்கள் பழைய தோட்டத்துக்காரர், கேட்டு அழுததாக எழுதியிருந்தார். எல்லாவற்றையும் கண்ணாடி போட்டுக்கொண்டு நான் தனியாக வாசிக்கிறேன்.

இவர் காலையில் செய்தி கேட்டுக்கொண்டே பசியாறுகிறார். தோசையைச் சூடாகவே சாப்பிட்டுவிடுகிறார். அந்தப் பாட்டை அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அவர் போடவில்லை.